ஹெரால்டுக்கு ஃபேன் மாற்றிய அனுபவம்: டைனமோ வண்டியில் எலக்ட்ரிக் ஃபேன் ஏன் போடவில்லை

சிக்னலில் நின்றால் ஊசி ஏறும். வண்டி நகர்ந்தால் இறங்கிவிடும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லைதான். என்னுடையது 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு, 948 சிசி இன்ஜின். ஜிஎஸ்டி சாலையில் அறுபதில் போகும்போது வெப்பமானி ஊசி நடுவைத் தாண்டாது. பல்லாவரம் நெரிசலில் மாட்டிக்கொண்டால் போதும், கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பை நோக்கி நகரும். இந்தக் கோடையில் அதோடு ஒரு புதுச் சத்தமும் சேர்ந்துகொண்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் முன்பக்கமிருந்து 'ஊம்' என்று ஓர் அதிர்வு. இன்ஜின் வேகம் கூடினால் மறைந்துவிடும்.

எப்போது சூடாகிறது என்று கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் காற்றில்தான் குறை. ஃபேன், ரேடியேட்டர் முகத்தில் அப்பிய தூசி, பக்கவாட்டு இடைவெளிகள் என்று தேட வேண்டும். ஓடும்போதுதான் சூடு என்றால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகிக்கலாம்: கோர் (ரேடியேட்டருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்க் கூட்டம்) அடைத்திருக்கும், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கும், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிக்கொண்டிருக்கும். நின்றாலும் சூடு, ஓடினாலும் சூடு என்றால் டைமிங்கையும் ஹெட் கேஸ்கட்டையும் பார்ப்பது நல்லது. என் வண்டி முதல் வகை. அதிர்வும் சேர்ந்ததால் ஃபேன் மேல் நேராகச் சந்தேகம் விழுந்தது.

ஹெரால்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த கார் இது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிகெலோட்டி. 1961 முதல் சென்னையில், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரானது. இங்கிலாந்தில் பின்னாளில் 1147 சிசி, 1296 சிசி என்று பெரிய இன்ஜின்கள் வந்தன. இங்கே கடைசிவரை 948 சிசிதான். தனிச் சேஸி, அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டிய பாடி. மெக்கானிக்குக் கிடைத்த பெரிய வரம் அதன் பானட். இரண்டு பக்கக் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த முகப்பும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். இடுப்பு வலி இல்லாமல் வேலை செய்யவிடும் கார் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஃபேன் விஷயத்திலும் இது தனி ரகம். அம்பாசிடர், ஃபியட் வண்டிகளில் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியில் உட்கார்ந்து பெல்ட்டில் சுற்றும். ஹெரால்டில் அது இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் மூக்கில், புல்லிக்கு முன்னால் நீட்டிய ஒரு கட்டையில் நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. பெல்ட் அறுந்தாலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். பம்ப் மட்டும் நின்றுபோகும். ஃபேனைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்ஜின் என்ன வேகமோ அதே வேகம்தான் ஃபேனுக்கும். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் ஃபேனும் 700. வீட்டுப் பெடஸ்டல் ஃபேனே இதைவிட வேகமாகச் சுற்றும்!

இன்னொன்றும் இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினின் கிராங்க் சீராகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஓர் உதறல் உண்டு. அது நேரடியாக ஃபேன் தகட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் ஃபேனைப் பூட்டும் நான்கு போல்ட்டுகளிலும் ரப்பர் புஷ் வைத்திருக்கிறார்கள். அறுபது வருடத்தில் ரப்பர் கல்லாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு உதறலும் இறக்கையின் அடியில்தான் போய் விழும்.

பானட்டைச் சாய்த்து, இறக்கைகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தபோது ஒரு இறக்கையின் வேரில், ரிவெட்டுக்குப் பக்கத்தில், துரு நிறத்தில் முடி அளவு கோடு. கீறலா, வெடிப்பா? கண்ணால் சொல்ல முடியாது. வெல்டிங் பட்டறைகளில் இதற்கென ஸ்ப்ரே டப்பாக்கள் வைத்திருப்பார்கள்: சிவப்புச் சாயத்தை அடித்து, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடித்தால் வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு ஊறி வரும். அது வருவதற்கு முன் ரயில்வே பட்டறைகளில் எண்ணெயும் வெள்ளைச் சுண்ணப் பொடியும் வைத்து இதே சோதனையைச் செய்தார்கள். வீட்டில் மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். மண்ணெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விட்டேன். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சாக்பீஸைப் பொடித்துப் பூசினேன். அதன்பின் பிளாஸ்டிக் சுத்தியலால் இறக்கையை லேசாகத் தட்டத் தட்ட, வெள்ளையில் ஈரக் கோடு ஒன்று தெளிவாக எழுந்தது. வெடிப்பேதான். அடுத்த இறக்கையிலும் அதே இடத்தில் சின்னதாக ஆரம்பித்திருந்தது.

"வெல்ட் வெச்சுடலாம் சார், பத்து நிமிஷ வேலை" என்றார் வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் ஒரு சின்னக் கணக்கு. ஃபேனின் விட்டம் ஏறத்தாழ 30 செ.மீ. நிமிடத்துக்கு 4500 சுற்றில் அதன் நுனி நொடிக்கு 70 மீட்டர் போகிறது. மணிக்கு 250 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு இறக்கை பிய்ந்தால் ரேடியேட்டரையோ பானட்டையோ கிழிக்கும். இன்ஜினை ரேஸ் பண்ணிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் ஆளைக் கிழித்தாலும் கிழிக்கும். வெல்ட் வைத்த இடம் தாங்கினாலும் அதை ஒட்டிச் சூடுபட்ட இரும்பு மாறிப்போயிருக்கும். அடுத்த வெடிப்பு அங்கேதான் கிளம்பும். வெடித்த ஃபேனுக்கு ஒரே வைத்தியம், வேறு ஃபேன். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வேறு ஃபேன் என்றதும் எல்லோரும் சொன்னது மாருதி 800-இன் எலக்ட்ரிக் ஃபேன். மலிவு, எங்கும் கிடைக்கும், ரேடியேட்டரோடு சேர்த்துக் கட்டிவிடலாம். சிக்னலில் நின்றாலும் முழு வேகத்தில் சுற்றும். இயந்திர ஃபேன் வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு சக்தியைத் தின்னும். அந்த வீணும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பலர் போட்டிருக்கிறார்கள், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டி என்றால் நானும் போடச் சொல்வேன். ஆனால் என் வண்டியில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டருக்கு முந்தைய பழைய வகை, டைனமோ.

லூகாஸ் சி40 ரக டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றினால். ஐட்லிங்கில் அது தருவது கிட்டத்தட்டப் பூஜ்யம். சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவதன் பொருள் அதுதான். டைனமோவையும் பாட்டரியையும் இணைக்கும் தானியங்கிச் சுவிட்சான கட்-அவுட் திறந்துகொள்ளும், எல்லாச் சுமையும் பாட்டரி தலையில் விழும். எலக்ட்ரிக் ஃபேன் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. ஹெட்லைட் இரண்டும் 45 வாட் என்று வைத்தால் ஏழரை ஆம்பியர். இக்னிஷன் காயில் மூன்று, டெயில் லைட், மற்றவை என்று இன்னும் ஒன்றரை. மொத்தம் 20 ஆம்பியர். இரவு ஏழு மணிக்கு ஊர்ந்து போகும் நெரிசலில் 35 ஆம்பியர்-அவர் பாட்டரி இதை ஏட்டுக் கணக்கில் ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கும். நடைமுறையில், அதுவும் கொஞ்சம் வயதான பாட்டரி என்றால், அதில் பாதி வந்தாலே அதிசயம். அதன்பின் ரோடு காலியாகி வேகம் பிடித்தாலும் 22-இல் 20 போக மிச்சம் இரண்டு ஆம்பியரில் எப்போது சார்ஜ் ஏறுவது? ஓடும்போது, தண்ணீரின் சூட்டைப் பார்த்து இயங்கும் தெர்மோ சுவிட்ச் ஃபேனை நிறுத்திவிடும் என்பார்கள். நிறுத்தும்தான். ஆனால் ஃபேன் அதிகம் தேவைப்படும் நேரமும் டைனமோ ஒன்றும் தராத நேரமும் ஒரே நேரம். அதை எந்தச் சுவிட்சும் மாற்ற முடியாது.

சரி, டைனமோவையும் மாற்றி ஆல்டர்னேட்டர் வைத்தால்? வைக்கலாம். என் வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த்தில் ஓடுகிறது. பாட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில். ஆல்டர்னேட்டர் வைக்க அதை நெகட்டிவ் எர்த்தாகத் திருப்ப வேண்டும், ஒயரிங்கில் கை வைக்க வேண்டும், காயில் ஒயர்களை இடம் மாற்ற வேண்டும். ஒரு ஃபேனுக்காக மின்சார அமைப்பு முழுவதையும் பிரிக்க எனக்கு மனமில்லை. பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் இருக்கும் ஊர் இது. டைனமோவுக்குக் கார்பன் பிரஷ் மாற்றவும் ஆர்மெச்சர் சுற்றிக் கொடுக்கவும் தெரிந்த பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. இருப்பது நன்றாக ஓடும்போது எதற்கு மாற்றுவது?

பாசிட்டிவ் எர்த் வண்டியில் எலக்ட்ரிக் ஃபேன் போட்டே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மோட்டார்களில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. ஒயர் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், காற்றும் எதிர்த்திசையில் போகும். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றோடு ஃபேன் சண்டை போடும். முன்பைவிட மோசமாகச் சூடாகும். தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை ரேடியேட்டர் முகத்தில் பிடித்தால் போதும். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்தால் ஒயரை மாற்று.

ஆகப் பழைய மாதிரியே இரும்பு ஃபேன், புது ரப்பர், ரேடியேட்டருக்கு முழுச் சுத்தம், காற்று தப்பிக்கும் சந்துகளுக்கு அடைப்பு என்று முடிவு செய்தேன்.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. பாட்டரியைக் கழற்றி, இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு டப்பில் பிடித்துக்கொண்டேன். கூலண்ட் கலந்த தண்ணீரைத் தெருவில் கொட்டக் கூடாது. இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது அவற்றுக்கு விஷம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பக்கவாட்டுப் போல்ட்டுகள். ரேடியேட்டர் கையோடு வந்துவிட்டது. ஃபேன் போல்ட்டுகளின் தலையில் மடக்கியிருந்த பூட்டுத் தகடுகளைச் சின்ன உளியால் நிமிர்த்தி, வண்டியை நாலாவது கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து வைத்தால் கிராங்க் சுற்றாது. போல்ட் எல்லாம் இஞ்ச் அளவு, ஏஎஃப் ஸ்பேனர்தான் சேரும். மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்தால் தலை உருண்டுவிடும். ஒரு போல்ட்டின் அடியில் மட்டும் சின்னத் தகட்டுத் துண்டு ஒன்று கூடுதலாக இருந்தது. அது பேலன்ஸுக்காக வைத்தது. எந்தப் போல்ட், எந்தப் பக்கம் என்று பெயின்டால் குறி போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போது, டிரையம்ஃப் குடும்ப இன்ஜின் வைத்திருப்பவர்கள் செய்தே ஆக வேண்டிய ஒரு சோதனை உண்டு. வீட்டில் யாரையாவது உட்காரவைத்துக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, கிராங்க் புல்லியைப் பக்கவாட்டில் பாருங்கள். கிளட்ச் மிதிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதைத் தாங்குவது பின் மெயின் பேரிங் பக்கத்தில் இருக்கும் இரண்டு அரைவட்டத் திரஸ்ட் வாஷர்கள்தான். அவை தேய்ந்தால் கிராங்க் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும். முற்றிப்போனால் வாஷர் நழுவி, இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழும். கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும், பிளாக் குப்பைக்குத்தான். ஃபேன் கிராங்கிலேயே இருப்பதால் அந்த ஆட்டம் அத்தனையும் ரேடியேட்டரை நோக்கித்தான் வரும். கண்ணுக்கே அசைவு தெரிந்தால் ஃபேனை விட்டுவிட்டு முதலில் சம்ப்பைக் கழற்ற வேண்டும். தெரிந்த லேத் பட்டறையிலிருந்து டயல் கேஜ் வாங்கி வந்து பார்த்தேன்: ஏழு தவ், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஏழு பங்கு. இப்போதைக்குக் கவலையில்லை. சிக்னலில் கியர் போட்டபடி கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. இந்த இன்ஜினில் அது கூடவே கூடாது, நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிட வேண்டும்.

ரப்பர் புஷ்களை விரல் நகத்தால் அழுத்தினால் தடமே பதியவில்லை. ஒவ்வொரு போல்ட்டிலும் ஃபேனுக்கு முன்னும் பின்னும் ரப்பர், உள்ளே ஓர் எஃகுக் குழல். இந்தக் குழல்தான் சூட்சுமம். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் இறுக்கம் குழலில் போய் நின்றுவிடும்; ரப்பர் ஓரளவுக்கு மேல் நசுங்காது, ஃபேன் ரப்பரிலேயே மிதந்துகொண்டிருக்கும். குழல் தேய்ந்து நீளம் குறைந்தால் ரப்பர் சப்பளிந்து அந்த மிதப்பு போய்விடும். வெர்னியரில் அளந்தபோது ஒன்று மட்டும் குட்டையாக இருந்தது. லேத்தில் நான்கையும் ஒரே நீளத்தில் புதிதாகக் கடைந்து வாங்கினேன். ரப்பரை அம்பத்தூர்ப் பக்கம் ரப்பர் மோல்டிங் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் செய்யக் கொடுத்தேன், 60 ஷோர் கடினத்தில், நைட்ரைல் ரப்பரில். சாதாரண ரப்பர் கேட்காததற்குக் காரணம், டைமிங் கவரின் முன் சீலிலிருந்து எண்ணெய் கசிந்து அந்த இடம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதிக் கூழாகிவிடும். இங்கிலாந்தில் இருந்து வரவழைத்தாலும் கிடைக்கும். ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதே இன்ஜின் வம்சம் என்பதால் அங்கே இன்னும் உதிரிபாகம் செய்கிறார்கள். எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

ஃபேனுக்குப் புதுப்பேட்டை. முதலில் ஜிபி ரோட்டில் விசாரித்தேன். ஹெரால்ட் என்றதும் சிரித்தார்கள். புதுப்பேட்டையில் சந்துக்குள் ஒரு கடையில், கூரையிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த ஃபேன் கொத்தில் ஒன்றைக் காட்டி, "பாய், அது எந்த வண்டிது?" என்றேன். "தெரியல சார். எங்க அத்தா காலத்துலேர்ந்து தொங்குது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, வெலைய அப்புறம் பேசலாம்" என்றார். கையில் பழைய ஃபேனைக் கொண்டு போயிருந்ததால் வேலை சுலபமாயிற்று. துளைகள் மேல் துளைகள் வைத்துப் பார்த்தோம், பொருந்தியது. வாங்கும் முன் அவர் கடையின் கண்ணாடி மேஜை மேல் படுக்கவைத்து நான்கு நுனிகளின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்தேன். ஒன்று மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது. அந்த ஒரு குறையைச் சொல்லியே விலை குறைந்தது.

வீட்டுக்கு வந்ததும் இதற்கும் மண்ணெண்ணெய், சாக்பீஸ் சோதனை. பழைய பொருளை நம்பக் கூடாது. வெடிப்பு எதுவும் இல்லை. மடங்கிய நுனியை மரக் கட்டைகளுக்கு நடுவே வைத்து, சூடு காட்டாமல், வைஸில் மெல்ல நிமிர்த்தினேன். அடுத்து பேலன்ஸ். இரண்டு இரும்பு ஆங்கிள்களைச் சமமட்டம் பார்த்து இணையாக வைத்து, ஃபேனின் நடுத்துளையில் லேத்தில் கடைந்த ஒரு ஷாஃப்ட்டை இறுக்கமாகச் செருகி, அதன் மேல் உருளவிட்டேன். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். திரும்பத் திரும்ப ஒரே இறக்கை கீழே வந்தால் அதன் நுனி ஓரத்தில் அரத்தால் துளி இழுக்க வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும்வரை தொடர வேண்டும். இறக்கையின் வேர்ப்பக்கம் மட்டும் அரம் படவே கூடாது. அங்கே விழும் ஒரு கீறல்தான் நாளைய வெடிப்பு. துருவைத் துடைத்து, ஒரு கோட் ப்ரைமர், ஒரு கோட் கறுப்பு. தடிமனாகப் பெயின்ட் அடித்தால் செய்த பேலன்ஸ் வீணாகிவிடும், வெடிப்பு வந்தாலும் பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

இடையில் ரேடியேட்டர், ரேடியேட்டர் பட்டறைக்குப் போய் வந்தது. சென்னை போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளின் கோருக்குள் உப்பு படிந்து பாதிக் குழாய்கள் மூடியிருப்பது சாதாரணம். மேல் டேங்கை ஈயத்தைச் சூடுகாட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டை விட்டுக் குத்தி எடுத்து, மறுபடி ஈயம் வைத்து மூடிக் கொடுத்தார்கள். செம்பு, பித்தளை ரேடியேட்டரில்தான் இதெல்லாம் முடியும். இன்றைய அலுமினியம், பிளாஸ்டிக் ரேடியேட்டரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இனி போர் தண்ணீர் கிடையாது, ரெடிமிக்ஸ் கூலண்ட் மட்டும் என்று முடிவு.

அப்படியே ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்குத் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். அதை நம்பி இன்றைய கார்களின் 13 பிஎஸ்ஐ மூடியைப் பழைய ரேடியேட்டரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஈய இணைப்புகளும் ஹீட்டர் குழாய்களும் அத்தனை அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல, பொத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை எடுத்தெறிவது இன்னொரு பழக்கம். நான் அதைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்துப் பார்த்தேன். 82 டிகிரிக்குப் பக்கத்தில் ஒழுங்காகத் திறந்தது. திறக்கிற தெர்மோஸ்டாட் சூட்டுக்குக் காரணம் ஆகாது. எடுத்துவிட்டால் காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகும். சோக் இழுத்தே ஓட்டி, பெட்ரோல் எண்ணெயில் கலந்து, சிலிண்டர் தேய்வதுதான் மிச்சம்.

பூட்டும்போது ஃபேனின் முன்பக்கம் எது என்று பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் காற்று முன்னோக்கி வீசும் என்று பலர் நினைக்கிறார்கள். வீசாது. ஃபேனைப் புரட்டினாலும் இறக்கையின் சாய்வு மாறுவதில்லை, காற்று அதே திசையில்தான் போகும். ஆனால் இறக்கையின் குழிவு தவறான பக்கம் வந்துவிடுவதால் காற்றின் அளவு குறையும். ஆகவே திருப்பிப் பூட்டிய ஃபேனைத் தாள் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தாள் ஒட்டத்தான் செய்யும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து இழுக்கும் ஃபேனில் குழிந்த பக்கம் இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும்.

போல்ட்டுகள் புதிது, பாரிமுனையில் யுஎன்எஃப் (அங்குல அளவில் நெருக்கமான) மரை என்று கேட்டு வாங்கியவை. 5/16 அங்குலப் போல்ட்டும் 8 மி.மீ. போல்ட்டும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரின் பதினாறில் ஒரு பங்குதான் வேறுபாடு. மரையின் இடைவெளி மட்டும் வேறு. தெரியாமல் முறுக்கினால் இரண்டு சுற்று போய் இறுகும், மூன்றாவது சுற்றில் மரை அழியும். கையால் சுலபமாகச் சுற்றிப் போகாத போல்ட்டை ஸ்பேனரால் சுற்றாதீர்கள். பூட்டுத் தகடுகளும் புதிது. ஒருமுறை மடக்கி நிமிர்த்திய தகடு இரண்டாம் மடக்கில் ஒடியும். பேலன்ஸ் தகடு அந்தப் பழைய ஃபேனுக்கும் கிராங்குக்கும் சேர்த்துப் பார்த்து வைத்தது என்பதால் அதைக் குறியிட்ட இடத்தில் வைத்தும், எடுத்தும் இரண்டு விதமாக ஓட்டிப் பார்த்தேன். இருந்தபோதுதான் அதிர்வு குறைவு, அப்படியே வைத்துவிட்டேன்.

ரேடியேட்டரை மாட்டியபின் கையால் ஃபேனைச் சுற்றி, எங்கும் உரசாமல் எல்லா இறக்கைக்கும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது சந்துகள். ரேடியேட்டரின் இரு பக்கமும் பானட் உட்புறத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி. கிரில் வழியாக வரும் காற்று ரேடியேட்டருக்குள் கஷ்டப்பட்டுப் போவதைவிட அந்தச் சந்தில் சுலபமாகத் தப்பிக்கத்தான் பார்க்கும். நிற்கும்போது இதைவிட மோசம்: ஃபேன் தள்ளிய சூடான காற்றே அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போகும். ஹார்ட்போர்டில் வடிவம் வெட்டி, வார்னிஷ் அடித்து, ஓரத்தில் கதவு ரப்பர் ஒட்டிப் பொருத்தினேன். செலவு மிகக் குறைவு. என் கணக்கில் வந்த பலனில் பாதி இந்த அட்டைகளுக்குச் சேர வேண்டியது.

மே மாத மதியம், நிழல் இல்லாத இடத்தில், ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தேன். ஊசி நடுவைத் தாண்டி ஒரு கோடு ஏறி அங்கேயே நின்றுகொண்டது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மேல் டேங்கிலும் கீழ் டேங்கிலும் காட்டினால் நல்ல வித்தியாசம் தெரிந்தது; முன்பு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு. பளபளக்கும் பித்தளையில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும், கறுப்புப் பெயின்ட் உள்ள இடத்தில் காட்ட வேண்டும். 'ஊம்' சத்தம் போய்விட்டது. பல்லாவரத்தில் நின்றாலும் ஊசி சிவப்புக்குக் கீழேதான். ஆனால் ரொம்ப நேரம் நிற்க நேர்ந்தால் நியூட்ரலில் வைத்து ஐட்லிங்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறேன். ஆயிரத்து இருநூறு சுற்றில் ஃபேன் இழுக்கும் காற்றும் கூடும், டைனமோவும் விழித்துக்கொள்ளும்.

கொஞ்ச தூரம் ஓட்டியபின் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்த்துத்தான் பூட்டுத் தகடுகளைக் கடைசியாக மடக்கினேன். அடுத்த வேலை அந்த டைமிங் கவர் முன் சீல். நைட்ரைல் என்றாலும் எண்ணெயிலேயே குளிக்கவிடுவது ரப்பருக்கு நல்லதில்லை. சீலுக்குக் கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும், ஆக ரேடியேட்டரும் ஃபேனும் மறுபடி இறங்கும். மழைக்காலத்துக்கு முன் செய்துவிடலாம் என்று பூட்டுத் தகடு இன்னொரு செட் வாங்கி வைத்திருக்கிறேன்.